நிபுணர்கள் விக்கிப்பீடியாவில் எழுதும்போது: நலமுரண் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007 ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ரிக் ஜெலிஃப் என்ற ஆஸ்திரேலியத் தொழில்நுட்ப வல்லுநரை அணுகியது. ஆபிஸ் கோப்புகளுக்காக அந்த நிறுவனம் உருவாக்கிய ‘ஓபன் எக்ஸ்எம்எல்’ வடிவம், அதற்குப் போட்டியான ‘ஓபன் டாக்குமென்ட்’ வடிவம் ஆகியவை பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் தவறான தகவல்கள் இருக்கின்றன, அவற்றைத் திருத்தித் தாருங்கள், உழைப்புக்குப் பணம் தருகிறோம் என்றது. ஜெலிஃப் அந்தத் துறையில் நல்ல தேர்ச்சி உள்ளவர். எதையும் மறைக்கவில்லை, இப்படி ஒரு வேலை வந்திருக்கிறது என்று அவரே வெளியில் சொன்னார். அவர் எழுதுவதை மைக்ரோசாப்ட் முன்கூட்டியே பார்க்கக் கூடாது என்பதும் பேசி முடிவாகியிருந்தது. பணம் கைமாறவும் இல்லை. ஆனாலும் பெரிய சர்ச்சையாகிவிட்டது. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் அதிருப்தி தெரிவித்தார். சொல்ல வேண்டியதை ஓர் அறிக்கையாக எழுதி வேறு இடத்தில் வெளியிட்டு, அதன் இணைப்பை, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று உள்ள பேச்சுப் பக்கத்தில் கொடுத்திருக்கலாமே என்பது அவருடைய வாதம்.

ஒரு விஷயத்தோடு சொந்தத் தொடர்பு உள்ளவரே அதைப் பற்றி எழுதும்போது, அந்தத் தொடர்பு நடுநிலைக்குக் குறுக்கே வருவதைத்தான் நலமுரண் என்கிறோம். நலமுரண் என்றதும் பலருக்குப் பொய்யும் மோசடியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஜெலிஃப் விஷயத்தில் இரண்டுமே கிடையாது. விஷயம் தெரிந்த, நேர்மையான ஒருவர்தான் சர்ச்சையில் சிக்கினார். அவர் எங்கே நின்றுகொண்டு எழுதப் போகிறார் என்பதுதான் கேள்வியானது.

அச்சுக் கலைக்களஞ்சியங்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக எழவில்லை. பெரியசாமி தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தந்தத் துறை அறிஞர்கள் எழுதித் தருவார்கள், பதிப்புக் குழு பார்த்துச் சீர்செய்யும், அப்புறம்தான் அச்சுக்குப் போகும். விக்கிப்பீடியாவில் ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினால் அந்த நொடியே வாசகர் கண்ணில் படுகிறது. எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தனக்குத் தொடர்புள்ள விஷயத்தில், அந்த நடு ஆளைத் தேடிக்கொண்டுவந்து உட்கார வைக்கும் பொறுப்பு எழுதுகிறவருடையது. நிபுணர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவைதான்.

“எனக்கு இதில் என்ன லாபம்?”

முதல் தவறு இந்தக் கேள்விதான். பணம் வாங்கினால்தான் நலமுரண் என்று நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் வேலை பார்க்கும் கல்லூரி, உங்கள் ஆய்வு வழிகாட்டி, நீங்கள் பொறுப்பில் இருக்கும் சங்கம், உங்கள் பெயரில் உள்ள காப்புரிமை, உங்கள் அண்ணன் நடத்தும் மருத்துவமனை என எல்லாமே தொடர்புதான். பகையும் தொடர்புதான், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 2013-ல் ஒரு அமெரிக்க நாவலாசிரியர், தனக்கு ஆகாத எழுத்தாளர்களின் பக்கங்களில் புனைபெயரில் புகுந்து அவர்களைச் சிறுமைப்படுத்தும் திருத்தங்களைச் செய்துவந்தது அம்பலமானது. தன்னைப் பற்றிய பக்கத்தையும் அவரே மெருகேற்றியிருந்தார். துறைக்குள் எதிர் அணியில் இருக்கும் பேராசிரியரின் வாழ்க்கைக் குறிப்பில் ‘சர்ச்சைகள்’ என்று ஒரு பகுதி தொடங்கக் கை துறுதுறுத்தால், அந்தப் பக்கத்தை விட்டு விலகிவிடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு துறையை அறிந்திருப்பது நலமுரண் ஆகாது. இதய மருத்துவர் இதயத்தைப் பற்றி எழுதலாம், எழுதத்தான் வேண்டும். 2008-ல் ‘ஆர்என்ஏ பயாலஜி’ என்ற ஆய்விதழ், புதிய ஆர்என்ஏ குடும்பங்களைப் பற்றிக் கட்டுரை அனுப்பும் ஆய்வாளர்கள் அதே பொருளில் ஒரு விக்கிப்பீடியா பக்கத்தையும் எழுதித் தர வேண்டும் என்று விதி வைத்தது. நிபுணர்கள் உள்ளே வருவதற்கு அப்படிப்பட்ட வாசல்கள் இன்னும் நிறைய வேண்டும்.

தன் ஆய்வைத் தானே மேற்கோள் காட்டுவது

கல்வித்துறையினர் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உங்கள் சொந்த ஆய்வுக் கட்டுரையைச் சான்றாகக் கொடுக்கவே கூடாது என்று விக்கிப்பீடியா சொல்லவில்லை. பொருத்தமாக இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும், உங்கள் பங்களிப்பைத் தேவைக்கு மேல் உயர்த்திக் காட்டக் கூடாது என்றுதான் ஆங்கில விக்கிப்பீடியாவின் நலமுரண் வழிகாட்டல் சொல்கிறது.

ஒரு கற்பனை உதாரணம். மஞ்சள் பயிரின் நோய்களை ஆராயும் ஒருவர் கணக்குத் தொடங்குகிறார். முதல் நாளே மஞ்சள், இஞ்சி, பூஞ்சை நோய்கள், இயற்கை வேளாண்மை என வரிசையாகப் பல பக்கங்களில், “அண்மையில் நடந்த முக்கியமான ஆய்வொன்று இதைத் திட்டவட்டமாக நிறுவியுள்ளது” என்று ஒரே வாக்கியத்தைச் சேர்க்கிறார். எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு ஒன்றேதான், அவருடைய கட்டுரை. அவர் பார்வையில் அறிவைப் பகிர்ந்திருக்கிறார். ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலைக் கவனிக்கும் தன்னார்வலர் கண்ணுக்கோ இது விளம்பரம். பத்து நிமிடத்தில் அத்தனையும் மீளமைக்கப்படும், எச்சரிக்கை வரும், அவர் மனம் கசந்து போய்விடுவார். மஞ்சளைப் பற்றி உண்மையில் விஷயம் தெரிந்த ஒருவரைத் தமிழ் விக்கிப்பீடியா இழந்துவிடும். எனக்கு உறுத்துவது அந்த இழப்புதான்.

அவர் எழுதிய வாக்கியத்தையே பாருங்கள். ‘முக்கியமான’ என்று சொன்னவர் யார்? ‘திட்டவட்டமாக’ என்று முடிவு கட்டியவர் யார்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு, எந்த மண்ணில், எந்த ரகத்தில், என்ன கண்டறியப்பட்டது என்று மட்டும் எழுதினாலே பாதிச் சிக்கல் தீரும். அதோடு மற்றவர்களின் ஆய்வுகள் நான்கையும் சேர்த்து, மஞ்சள் கட்டுரையின் நோய்ப் பகுதி முழுவதையும் செம்மைப்படுத்தியிருந்தால், நடுவில் அவருடைய கட்டுரை ஒன்று வருவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பங்களிப்பில் பெரும்பகுதி அடுத்தவர் ஆய்வுகளைப் பற்றியதாக இருக்க வேண்டும், இதை ஒரு நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவத்தில் இன்னும் கவனம் தேவை. தனியொரு சோதனையின் முடிவைவிட, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் மீளாய்வுக் கட்டுரைகளையே ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவ வழிகாட்டல் சான்றாகக் கேட்கிறது. உங்கள் சோதனை எவ்வளவு தரமானதாக இருந்தாலும், மீளாய்வுகளில் அது இடம்பெறும்வரை பொறுத்திருங்கள். நோயாளியின் குடும்பம் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மருந்தை மாற்றக்கூடும் என்பதை நினைத்தால் இந்தப் பொறுமை கஷ்டமாக இருக்காது.

“நான் சொல்கிறேனே, போதாதா?”

போதாது. 2012-ல் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன் நாவல் ஒன்றின் தூண்டுதல் பற்றி விக்கிப்பீடியாவில் இருந்த தகவல் தவறு என்று சொல்லித் திருத்தக் கேட்டார். எழுதியவர் சொல்வது முக்கியம்தான், ஆனால் வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. கோபத்தோடு ‘நியூயார்க்கர்’ இதழில் திறந்த மடல் எழுதினார். அந்த மடலே சான்றாகிவிட்டது. படிக்கும்போது அபத்தமாகத் தெரியலாம், ஆனால் காரணம் இருக்கிறது. திரைக்கு அப்பால் இருப்பவர் ராத் தரப்புதானா என்று விக்கிப்பீடியாவில் யாருக்கும் தெரியாது. எஸ்ஜே என்ற பயனர் தன்னை இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு, விவாதங்களில் அந்தத் தகுதியையே வாதமாகப் பயன்படுத்திவந்தார். அவர் 24 வயது இளைஞர், அந்தப் பட்டங்கள் எதுவும் அவருக்கு இல்லை என்பது 2007-ல்தான் தெரியவந்தது. அதனால்தான் முனைவர் பட்டத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அடிக்குறிப்போடு வரச் சொல்கிறார்கள்.

இதன் கடினமான வடிவத்தைச் சந்தித்தவர் ஒஹாயோவைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் டிமத்தி மெஸ்ஸர்-குரூஸ். 1886-ல் சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்ததையும், அதன் பிறகு தொழிலாளர் தலைவர்கள் மீது நடந்த வழக்கையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டுவெடிப்போடு இணைக்கும் சாட்சியம் எதுவும் அரசுத் தரப்பில் வைக்கப்படவில்லை என்று விக்கிப்பீடியா எழுதியிருந்தது. வழக்கு ஆவணங்களைக் கையில் வைத்திருந்த அவர் அதை நீக்கினார். மூல ஆவணம் போதாது, வெளிவந்த நூல் வேண்டும் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். தன் நூல் வெளிவந்த பிறகு மறுபடி வந்தார். உங்கள் கருத்து சிறுபான்மைக் கருத்து, பெரும்பான்மை வரலாற்றாசிரியர்கள் சொல்வதற்கு இணையான இடம் தர முடியாது என்று மறுபடியும் திருப்பிவிட்டார்கள். 2012-ல் அவர் இதை எழுதியபோது பலரும் விக்கிப்பீடியாவைத்தான் குறை சொன்னார்கள். என் கருத்து கொஞ்சம் வேறு. அந்தத் தன்னார்வலர்கள் பேசிய விதம் கடுமையாக இருந்தது, அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் புதிய கண்டுபிடிப்பு முதலில் வெல்ல வேண்டிய இடம் ஆய்வுலகம். கலைக்களஞ்சியம் அதற்குப் பின்னால்தான் வர முடியும். தன் கருத்துக்கு எவ்வளவு இடம் தகும் என்பதை அந்தக் கருத்தின் சொந்தக்காரரே அளந்து சொன்னால், அளவு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் சந்தேகம் தீராது.

தன் பக்கத்தைத் தானே திருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2005 டிசம்பரில் ஜிம்மி வேல்ஸே தன் வாழ்க்கைக் குறிப்பில், இணை நிறுவனரான லாரி சாங்கரின் பங்கைக் குறைத்துக் காட்டும்படி பலமுறை கைவைத்திருந்தது வெளிவந்து, பிறகு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஒவ்வொரு திருத்தமும் ‘வரலாறு’ தாவலில் தேதியோடும் நேரத்தோடும் கிடக்கும். கணக்கில் நுழையாமல் எழுதி, கணினியின் இணைய அடையாள எண்ணான ஐ.பி. முகவரிக்குப் பின்னால் ஒளிந்தவர்களும் தப்பவில்லை. 2007 ஆகஸ்டில் வெர்ஜில் கிரிஃபித் என்ற மாணவர் வெளியிட்ட ‘விக்கிஸ்கேனர்’, எந்த நிறுவனத்தின் கணினியிலிருந்து எந்தத் திருத்தம் வந்தது என்று காட்டிக்கொடுத்தது. வாக்குப்பதிவு இயந்திரம் செய்த டீபோல்ட் நிறுவனத்தின் முகவரியிலிருந்து, அந்த இயந்திரங்களைப் பற்றிய விமர்சனப் பத்திகள் மொத்தமாக நீக்கப்பட்டிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

மாணவர்களை விட்டு எழுத வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். “சார் சொன்னார்” என்று மூன்று ஆய்வு மாணவர்கள் ஒரே வாரத்தில் வந்து வழிகாட்டியின் பக்கத்தை நீக்கலாமா என்ற விவாதத்தில் அதற்கு ஆதரவாக வாக்களித்தால் எல்லோருக்கும் புரிந்துவிடும். கணக்கு முடக்கப்படும்போது அடிபடுவது அந்தப் பிள்ளைகளின் பெயர்.

பணம் வாங்கினால்

2013-ல், பணம் வாங்கிக்கொண்டு விக்கிப்பீடியாப் பக்கங்களை எழுதித் தந்த ‘விக்கி-பிஆர்’ என்ற அமெரிக்க நிறுவனத்தோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியது. பணமோ வேறு கைம்மாறோ பெற்றுத் தொகுப்பவர்கள், யாருக்காக, யார் பணத்தில் என்பதைப் பயனர் பக்கத்திலோ பேச்சுப் பக்கத்திலோ, திருத்தத்தோடு சேர்த்து எழுதும் சிறு குறிப்பான தொகுப்புச் சுருக்கத்திலோ அறிவித்தே ஆக வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் இங்கே குழம்புவதுண்டு. நீங்கள் பாடம் நடத்தச் சம்பளம் வாங்குவதால், ஓய்வு நேரத்தில் உங்கள் பாடப்பொருளைப் பற்றி எழுதுவது கட்டணத் தொகுப்பு ஆகிவிடாது. ஆனால் “தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, நம் கல்லூரிப் பக்கத்தைக் கொஞ்சம் சரிசெய்யுங்கள்” என்று முதல்வர் சொல்லி, அதை வேலையாகச் செய்தால் ஆகிவிடும்.

சரி, எப்படிச் செய்வது?

எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, அப்பட்டமான விஷமம் போன்றவற்றை யாரும் நேரடியாகத் திருத்தலாம். மற்றபடி உங்களுக்குத் தொடர்புள்ள பக்கமென்றால் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். மஞ்சள் ஆராய்ச்சியாளர் அங்கே இப்படி எழுதலாம்:

“வணக்கம். நான் மஞ்சள் பயிர் நோய்களை ஆராய்பவன். கீழே தந்துள்ள மூன்று சான்றுகளில் இரண்டாவது என்னுடையது. ‘நோய்கள்’ பகுதியில், கிழங்கு அழுகல் நோய் காற்றில் பரவுகிறது என்று உள்ளது. அது மண் வழியாகவும் நோயுற்ற விதைக்கிழங்கு வழியாகவும் பரவும். அந்த வரியை மாற்றப் பரிந்துரைக்கிறேன். என் கட்டுரை இல்லாமலேயே மற்ற இரண்டும் இதற்குப் போதும் என்றால் அப்படியே செய்யுங்கள்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். சரியான தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று அது காட்டிவிடுகிறது. எந்த வரி, எதற்குப் பதிலாக எது, சான்று என்ன என்று சொல்லிவிட்டதால், வேளாண்மை தெரியாத தன்னார்வலர்கூட ஐந்து நிமிடத்தில் சரிபார்த்து மாற்றிவிடலாம். “கட்டுரை முழுக்கத் தவறு, யாராவது திருத்துங்கள்” என்று எழுதினால் ஒருவரும் தொட மாட்டார்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ‘ஆலமரத்தடி’யில் நினைவூட்டலாம். அங்கே சுறுசுறுப்பாக இயங்குபவர்கள் குறைவு, தாமதத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தன்னார்வலர்களும் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். தன் தொடர்பைத் தானாக அறிவிப்பவர்தான் நமக்கு வேண்டியவர். அறிவித்த குற்றத்துக்காக அவருடைய ஒவ்வொரு வரியையும் துருவித் துருவி விசாரித்தால், அடுத்து வருபவர் அறிவிக்காமலே எழுதுவார். கேள்வி திருத்தத்தைப் பற்றி இருக்கட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். புனைபெயரில் எழுதும் ஒருவர் எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று இணையத்தில் தேடிப் பொதுவில் போடுவது விக்கிப்பீடியாவில் கடுமையான விதிமீறல். அவருக்கு நலமுரண் இருப்பது உண்மையாகவே இருந்தாலும் இந்த விதி மாறாது. சந்தேகம் இருந்தால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் நிர்வாகிகளுக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.