பழைய காரின் அடிப்பாகம்: பூச்சுக்குள் ஈரத்தை அடைத்துவிடாதீர்கள்

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அப்பா 1997இல் வாங்கிய மாருதி 800 இன்னும் வாசலில் நிற்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு பணிமனையில் விட்டு, அடிப்பாகம் முழுக்கக் கருப்புப் பூச்சு அடித்து வாங்கி வந்தேன். குனிந்து பார்த்தால் புதுக் கார் மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் முன்பக்கத்துக் கார்பெட்டைத் தூக்கினால், இடதுபக்கம் கால் வைக்கிற இடத்தில் தகடு அப்பளம்போல நொறுங்கியது. விரலை விட்டு அழுத்தினேன், கீழே ரப்பர் மாதிரி ஒன்று தடுத்தது. பணிமனையில் அடித்த பூச்சு கொஞ்சமும் கெடாமல் இருந்தது. அதற்கு மேலே இருந்த இரும்புதான் தூளாகிப் போயிருந்தது.

அதன்பிறகு அந்தக் காரின் அடிப்பாகத்தை வீட்டிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, நானே சரிசெய்தேன். வெல்டிங்குக்கு மட்டும் டிங்கரை, அதாவது தகடு வேலை செய்பவரைக் கூப்பிட்டேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டதையும், சுற்றுவட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மாருதி 800 போன்ற கார்களுக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற ரன்னிங் போர்டுப் பெட்டி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. தகட்டின் கனம் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சீட்டும் சீட் பெல்ட்டும் இந்த உடம்போடுதான் பூட்டப்பட்டிருக்கின்றன. அதனால் அடியில் துரு என்றால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழிருந்து தொடங்குவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். காரைத் தூக்கிக் கீழே படுத்து, தெரிகிற இடத்தையெல்லாம் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறோம். இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான அடிப்பாக வீடியோக்கள் குளிர்நாடுகளில் எடுத்தவை. அங்கே பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத்தண்ணீர் சக்கரத்திலிருந்து தெறித்து அடிப்பாகத்தைத் தின்கிறது. அவர்களுக்குக் கீழிருந்து தொடங்குவது சரி.

நம் ஊரில் நான் பார்த்த கார்களில் தரைத்தகடு பெரும்பாலும் மேலிருந்துதான் அரித்திருக்கிறது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்தால் மழைத்தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து இறங்கும். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் இடதுபக்கம் காலடியில் சொட்டும். கதவு பீடிங், நனைந்த குடை, செருப்போடு வருகிற ஈரம் எல்லாம் இதோடு சேரும். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு அத்தனையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். அதன்மேல் ஒரு ரப்பர் மேட்டும் போட்டுவிட்டால் ஆவியாகிப் போகவும் வழியில்லை. இப்போது கீழேயும் தார் மாதிரிப் பூச்சு அடித்தால் என்ன ஆகும்? மேலிருந்து ஊறுகிற துரு தகட்டைத் துளைத்து முடிக்கும்வரை கீழேயிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கள் காருக்கு நடந்தது அதுதான்.

ஆகவே முதல் நாள் ஜாக்கியைத் தொடாதீர்கள். சீட்டைக் கழற்றுங்கள், கார்பெட்டையும் பஞ்சையும் எடுத்து வெயிலில் போடுங்கள். ஒருவரை உள்ளே உட்கார வைத்து, வெளியிலிருந்து ஹோஸால் கண்ணாடிமேலும் கதவுமேலும் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் அடியில் எவ்வளவு செலவு செய்தாலும் வீண்.

உப்பு நமக்கும் உண்டு, வேறு வழியில் வருகிறது. கடற்காற்றில் வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் உப்பேறிய போர்வெல் தண்ணீரால் வாரம் தவறாமல் காரைக் கழுவுகிறவர்கள் கடலோரப் பகுதிகளில் நிறைய. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு இடுக்குகளில் தங்கிவிடும். ஈரக்காற்று பட்டதும் அந்த உப்பு மறுபடி நனைந்து வேலையைத் தொடங்கும். கடைசியாக ஊற்றுகிற இரண்டு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

துளைகளை அடைப்பது

ரன்னிங் போர்டுப் பெட்டியின் அடியிலும் கதவின் அடி விளிம்பிலும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறுவதற்காகக் கம்பெனியே விட்ட வழி அது. பூச்சு அடிக்கிறவர்கள் இதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள், அல்லது அடிக்கிற வேகத்தில் தானாகவே அடைந்துபோகிறது. பிறகு மழைக்காலம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். பூச்சு அடிப்பதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் தீக்குச்சியோ சுருட்டிய காகிதமோ செருகி வையுங்கள், காய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள். தரைத்தகட்டில் ரப்பர் மூடி போட்ட பெரிய துளைகள் வேறு வகை. அவற்றுக்கு மூடி இருந்தாக வேண்டும், தொலைந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

ஜாக்கியை நம்பிக் கீழே போவது

தயவுசெய்து இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பித் தலையைக் கீழே நீட்டக் கூடாது. செங்கல் அடுக்கு, ஹாலோ பிளாக் இரண்டும் அதைவிட மோசம். ஹாலோ பிளாக் விரிசல்கூடக் காட்டாமல் ஒரே நொடியில் உடைந்துவிடும். இரும்பு ஸ்டாண்டுகள் வாங்குங்கள், சமமான கான்கிரீட் தரையில் வையுங்கள், தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

பழைய காரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜாக்கி வைக்கச் சொல்லியிருக்கும் இடமே துருவேறியிருக்கலாம். வெளியே முழுசாகத் தெரியும், பாரம் ஏறியதும் உள்ளே அமுங்கிவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று சொல்லும். ஏற்றியபிறகு காரை நன்றாக உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கிரைண்டரில் மாட்டுகிற கம்பி பிரஷிலிருந்து கம்பி பிய்ந்து பறக்கும். பெட்ரோல் குழாய் அடியில்தான் ஓடுகிறது, டேங்க்கும் பக்கத்தில் இருக்கிறது. அந்த இடங்களில் தீப்பொறி பறக்கும் எந்த வேலையும் கூடாது, கை பிரஷும் உப்புத்தாளும் போதும். பிரேக் குழாய்மேல் துரு பொரிந்திருந்தால் அதைத் தேய்த்து அழகாக்கிப் பெயிண்ட் அடிக்காதீர்கள். அது மாற்ற வேண்டிய குழாய். பெயிண்ட் அடித்து மறைத்தால் அடுத்து அதைப் பார்க்கிற மெக்கானிக்கும் ஏமாந்துபோவார்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்ப்பது

உற்சாகத்தில் காலையில் அடிப்பாகம் முழுவதையும் தேய்த்து வெள்ளித் தகடாக்கிவிடுவோம். சாயங்காலம் ப்ரைமர் தீர்ந்துபோகும், மறுநாள் அலுவலகம். சென்னைக் காற்றில் பூச்சில்லாத வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே பழுப்பாகத் தொடங்கும். வியர்வைக் கை பட்ட இடத்தில் விரல் ரேகையாகவே துரு தெரியும். அன்றைக்கே ப்ரைமர் அடித்து முடிக்கிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். நான் ஒரு வாரத்துக்கு ஒரு சக்கரப் பகுதி என்று எடுத்துக்கொண்டேன். மாசியில் தொடங்கிச் சித்திரையில் முடித்தேன். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிற புரட்டாசியில் அவசரமாகத் தொடங்குவதைவிட அடுத்த மாசி வரைக்கும் காத்திருப்பது நல்லது.

பிரஷர் வாஷ் அடித்தபிறகு குறைந்தது இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். தகடு மேல் தகடு ஒட்டியிருக்கும் மடிப்புகளில் புகுந்த தண்ணீர் சீக்கிரம் வராது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் மடிப்புக்குள் துரு ஏறினால் தகடுகள் உப்பிப் பிரிகின்றன.

அடுத்து, எதை முதலில் அடிப்பது? துரு மாற்றி என்று விற்கிற திரவங்களில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். அவை இரும்போடு இறுகப் பிடித்திருக்கும் மெல்லிய துருவை வேறு சேர்மமாக மாற்றும். பொரிந்து செதில் செதிலாக நிற்கும் துருமேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். அதனால் செதில்களைச் சுரண்டி, தட்டி, தேய்த்து எடுத்த பிறகுதான் அது. துருவே இல்லாத சுத்தமான தகட்டில் அதை அடிக்கத் தேவையில்லை.

ரெட் ஆக்சைடு பற்றி நிறையப் பேருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிறோமே, அதையே இரண்டு கை அடித்துவிட்டால் போதும் என்கிறார்கள். ரெட் ஆக்சைடு ஒரு ப்ரைமர்தான். தண்ணீரை முழுசாகத் தடுக்காது, மேலே வேறு பெயிண்ட் ஏறியாக வேண்டும். என் அனுபவத்தில் காரின் அடிப்பாகத்துக்கு இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி ப்ரைமர்தான் சரி. கலவை விகிதத்தைக் கண்ணளவில் போடாமல் அளந்து போடுங்கள். அது காய்ந்த பிறகு மடிப்புகளில் சீம் சீலர் என்கிற இடுக்கு அடைக்கும் பசை, அதற்கு மேல் ரப்பர் கலந்த அடிப்பூச்சு. அந்தப் பூச்சையும் ஒரே கனமாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு தடவை அடிக்க வேண்டும். கனமாக அடித்தால் மேலே தோல் காய்ந்து, உள்ளே தின்னர் சிக்கிக்கொள்ளும். பிறகு குமிழ் விட்டு உரியும்.

சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரம், ஹேண்ட்பிரேக் கேபிள், ரப்பர் புஷ், பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற நிப்பிள், போல்ட் மரை ஆகியவற்றின் மேல் பூச்சு படக் கூடாது. செய்தித்தாளும் டேப்பும் ஒட்ட ஒரு மணி நேரம் ஆகும், அந்த நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஆயில் அடிப்பது

வாட்டர் சர்வீஸ் செய்தபின் டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் கலந்து அடியில் பீய்ச்சுகிற வழக்கம் நீண்டகாலமாக இருக்கிறது. எங்கள் அப்பாவும் அதைக் கேட்டு வாங்கியவர்தான். அந்தக் காலத்தில் வேறு வசதி இல்லை. இன்று அது வேண்டாம். ஓடித் தீர்ந்த ஆயிலில் அமிலமும் உலோகத்தூளும் கலந்திருக்கும், ரப்பர் புஷ்கள் ஊறி உப்பும், தெருப்புழுதி ஒட்டிச் சேறாகும், சொட்டுவது மண்ணையும் கெடுக்கும். பிரேக்கில் தெறித்தால் அது வேறு ஆபத்து. எண்ணெய்ப் பசை இருக்கிற தகட்டில் பிறகு எந்தப் பெயிண்டும் ஒட்டாது.

ஓட்டையைப் பட்டி வைத்து மூடுவது

ஓட்டை விழுந்த இடத்தில் பைபர் துணியும் பட்டியும் வைத்து மூடிக் கருப்பு அடித்துவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்கூடச் சட்டென்று தெரியாது. பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது பலர் இதைச் செய்கிறார்கள். சீட் பூட்டியிருக்கும் இடம், ரன்னிங் போர்டு, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம் ஆகியவற்றில் இது கூடவே கூடாது. அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 20 அல்லது 22 கேஜ் கனமுள்ள சி.ஆர். தகட்டை (துத்தநாகம் பூசாத சாதா இரும்புத் தகடு) பொருத்தி வெல்டு வைக்க வேண்டும். அரித்ததின்மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தினால் நடுவில் ஈரத்துக்கு ஒரு பெட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும். துருப்பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போடச் சொல்லாதீர்கள். அதை வெல்டு செய்யும்போது வரும் துத்தநாகப் புகை டிங்கருக்குக் காய்ச்சல் வரவைக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், கார்பெட், பஞ்சு, சீட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், மறுபக்கத்தில் இருக்கும் பழைய தார்ப்பூச்சைச் சுரண்டுங்கள். அது தீப்பிடிக்கும். தீயணைப்பானும் ஈரக் கோணியும் கையோடு இருக்கட்டும். முடிந்தபிறகும் அரைமணி நேரம் பக்கத்திலேயே இருந்து புகை வருகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது ரன்னிங் போர்டின் உட்புறம். கை போகாது, பிரஷ் போகாது. நீளமான மெல்லிய குழாய் வைத்த மெழுகு ஸ்ப்ரே கிடைக்கிறது, அதைத் துளை வழியாக உள்ளே கடைசிவரை விட்டு, அழுத்தியபடியே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் இது, மெழுகு எளிதில் எரியும். சித்திரை வெயிலில் செய்தால் மெழுகு இளகி மடிப்புகளுக்குள் தானாகவே ஓடும். அடித்த மறுநாள் ஒரு மெல்லிய கம்பியை வடிதுளைகளில் விட்டுப் பாருங்கள். மெழுகு உறைந்து அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். முதல் பெரிய மழை பெய்த மறுநாள் காலை கார்பெட்டைத் தூக்கி, பஞ்சுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். நான் இப்போதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் அதைச் செய்கிறேன்.