காலிப்பருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: பிரஷ் போதும், ஓவன் வேண்டாம்

காரை எவ்வளவு பளபளவென்று கழுவி நிறுத்தினாலும் அலாய் வீல் ஸ்போக்குகளுக்கு நடுவே துருப்பிடித்த காலிப்பர் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். பிரேக் மிதிக்கும்போது சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை பேட்களால் அழுத்திப் பிடிக்கிற பாகம்தான் காலிப்பர். பெரும்பாலான கார்களில் அது வார்ப்பிரும்பு, கம்பெனியிலிருந்து வரும்போதே மேலே ஒரு மெல்லிய பூச்சுதான் இருக்கும், மழைத் தண்ணீரும் சேறும் பிரேக் சூடும் சேர்ந்து சில வருஷத்தில் அதைச் செம்பழுப்பாக்கிவிடும். மேலோட்டமான இந்தத் துருவால் பிரேக் பிடிப்பது குறையாது, அசிங்கம்தான் பிரச்சனை. அதனால் இதை அழகு வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள், அழகுக்காகச் செய்யப்போய் நன்றாக ஓடுகிற பிரேக்கைக் கெடுத்துவிடக் கூடாது. கீழே சொல்கிற பாதி விஷயங்கள் அதற்காகத்தான்.

முதலில் பெயிண்டா, பவுடரைத் தூவி ஓவனில் சுடும் பவுடர் கோட்டிங்கா என்ற கேள்வி. பவுடர் கோட்டிங் உறுதியானதுதான், கல் பட்டாலும் சீக்கிரம் பெயராது, பிரேக் ஆயில் சிந்தினாலும் ஓரளவு தாங்கும். ஆனால் பவுடர் உருகிக் கெட்டிப்பட காலிப்பர் முழுதும் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து இருபது நிமிஷம் இருக்க வேண்டும். உள்ளே பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல், தூசி மறைக்கும் ரப்பர் பூட் எதுவும் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. ஆக ஹோஸைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, சீல் எல்லாம் உருவி, வெறும் உடலை மட்டும்தான் ஓவனில் வைக்க முடியும், திரும்பப் பூட்டும்போது புது சீல் கிட், புது பிரேக் ஆயில், நாலு சக்கரத்துக்கும் ஏர் எடுக்கும், அதாவது பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெயும் காற்றும் சூட்டில் வெளியே வந்து பூச்சில் கொப்புளம் போடும், அதனால் பவுடர் தூவுவதற்கு முன்பே ஒரு தடவை வெறுமனே சுட்டு எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் சமையலறை ஓவனை நினைத்துப் பார்த்திருந்தால் அதை இப்போதே மறந்துவிடுங்கள், ஒரு முறை காலிப்பர் உள்ளே போன ஓவனில் பிறகு சாப்பாடு வைக்கக் கூடாது.

காலிப்பர் ஏற்கெனவே ஒழுகுகிறது, பிஸ்டன் இறுகிவிட்டது, எப்படியும் பிரித்து சீல் மாற்றத்தான் போகிறோம் என்றால் பவுடர் கோட்டிங் நியாயமான யோசனை. அப்போதும் பிரிப்பது, சேர்ப்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டு, சுடுவதைத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் விடுவது மேல். மற்ற எல்லோருக்கும் காலிப்பருக்கென்றே விற்கிற, கெட்டியாக்கி தனியாகக் கலந்து பிரஷால் அடிக்கிற எபாக்ஸி பெயிண்ட் தாராளமாகப் போதும்.

ஸ்ப்ரே டப்பா எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பெயிண்ட் மட்டம் என்பதால் இல்லை, 480 டிகிரி வரை தாங்கும் நல்ல காலிப்பர் ஸ்ப்ரேக்கள் கிடைக்கின்றன. ஆனால் காரிலேயே வைத்து ஸ்ப்ரே அடித்தால் பனிபோல் பரவி டிஸ்க், ஹோஸ், சஸ்பென்ஷன், ஃபெண்டரின் உள்பக்கம் என்று எல்லா இடத்திலும் போய் உட்காரும், அதை மறைக்கப் பேப்பர் ஒட்டுகிற நேரத்தில் பிரஷால் அடித்தே முடித்துவிடலாம். சாதாரண எனாமல் ஸ்ப்ரேயை மட்டும் தொடாதீர்கள். டிஸ்க் அளவுக்குக் காலிப்பர் சூடாகாது என்றாலும், நீண்ட மலைப்பாதை இறக்கத்தில் ஏறுகிற சூட்டுக்கே அந்தப் பெயிண்ட் இளகி, நிறம் மங்கி, செதில் செதிலாக உரியும்.

காரைத் தூக்குவது

சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டை சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கியால் தூக்கி, உடனே ஸ்டாண்டு வைத்து எடையை அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், பெயிண்ட் காய்கிற நேரம் முழுக்க அதை நம்பிக் காரை நிறுத்தி வைக்கக் கூடாது. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவைத்தால் இன்னொரு காப்பு.

காலிப்பரைக் கழற்ற வேண்டுமா? டிஸ்கைப் பார்த்த பக்கமும் உள்பக்கமும் வெளியே தெரியாது, தெரிகிற பக்கத்துக்கு மட்டும் அடிப்பதென்றால் காரிலேயே விட்டுவிடலாம். பேட் மாற்றுகிற சமயத்தில் செய்தால் கழற்றியே செய்யலாம், எல்லாப் பக்கமும் கை போகும். அப்படிக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கெட்டிக் கம்பியை இரண்டு பக்கமும் கொக்கியாக வளைத்து ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்கவிடுங்கள். அந்த நேரத்தில் யாரும் உள்ளே உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்துவிடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். பின் காலிப்பரில் மோட்டார் வைத்த எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் சர்வீஸ் மோடில் போடாமல் அதைத் தொடாதீர்கள், பின்பக்கத்துக்குக் காரிலேயே வைத்து அடிப்பது நிம்மதி.

சுத்தம்

நேரம் போவது இங்கேதான், போகட்டும். முதலில் உலர்ந்த பிரேக் தூசி. அதைக் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்துக் கழுவி விடுங்கள். காய்ந்ததும் கம்பி பிரஷ். துருப் பொருக்குகள் உதிர்ந்து, கீழே கருஞ்சாம்பல் நிறத்தில் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும், டிரில்லில் மாட்டும் கம்பிக் கிண்ணம் இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு அதையே பயன்படுத்தலாம், ரப்பர் பூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கையால். மூலைகளுக்குப் பழைய பல் பிரஷ் அளவுள்ள சின்ன கம்பி பிரஷ். அப்புறம் 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் ஒரு சுற்று, பெயிண்ட் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பழைய பூச்சு இன்னும் செதிலாக வருகிறதென்றால் வேலை முடியவில்லை. அலுமினிய காலிப்பர் என்றால் இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், கீறிவிடும், நாரும் நைஸ் உப்புத்தாளும் போதும்.

கடைசியாக பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. தாராளமாக அடித்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராத வரை திரும்பத் திரும்ப. பெயிண்ட் உரிந்து வந்த காலிப்பர்களைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இந்த இடத்தில் காட்டிய அவசரம்தான், ஏர் எடுக்கத் திறக்கிற ப்ளீடர் நிப்பிளைச் சுற்றி கசிந்திருக்கும் கொஞ்சம் பிரேக் ஆயில் போதும், மேலே அடிக்கிற எந்தப் பெயிண்டையும் தூக்கிவிடும். சில கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், அது நெருப்பிலோ வெல்டிங் சூட்டிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். குளோரின் இல்லாதது சட்டென்று தீப்பிடிக்கும். எதுவானாலும் திறந்தவெளி, பக்கத்தில் நெருப்பு கூடாது, ஹீட் கன் பிடிப்பதானால் எல்லாம் ஆவியாகிப் போன பிறகு.

எங்கே பெயிண்ட் படக் கூடாது

மாஸ்கிங் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளீடர் நிப்பிள், அதன் மூடி, ஹோஸ், ஹோஸ் வந்து சேரும் போல்ட், பிஸ்டனும் அதன் ரப்பரும், காலிப்பர் நகர்கிற கைடு பின்களும் அவற்றின் ரப்பரும், ஏபிஎஸ் சென்சர் வயர், இவை எல்லாம் மறைய வேண்டும். டிஸ்கைப் பழைய துணியாலோ பேப்பராலோ சுற்றிவிடுங்கள்.

மூன்று இடங்களை விசேஷமாகச் சொல்ல வேண்டும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் பேட்டின் காதுகள் உட்கார்ந்து நகர்கிற தடம் ஒன்று. அங்கே ஒரு கோட் பெயிண்ட் ஏறினாலே பேட் இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும், பேட் ஒருபக்கமாகத் தேயும், சக்கரம் சூடாகும். பிராக்கெட் வண்டியோடு போல்ட் போட்டு இறுகுகிற முகம் இரண்டாவது. இரும்பும் இரும்பும் நேராக உட்கார வேண்டிய இடம் அது, நடுவே இருக்கும் பூச்சு சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கினால் போல்டின் இறுக்கம் அந்த அளவுக்குக் குறையும், பவுடர் கோட்டிங் பொதுவாக 60 மைக்ரானுக்கு மேல் கனமாக வருவதால் அதில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மூன்றாவது, டிஸ்கின் நடுவே மேடாக இருக்கும் தொப்பிக்கும் சேர்த்து அடிக்கலாமே என்ற ஆசை வரும், அதன் சுற்றுப்பக்கத்துக்கு அடியுங்கள், வீல் வந்து பதிகிற தட்டை முகத்துக்கு அடிக்காதீர்கள்.

அடிப்பது

இரண்டு பாகத்தையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் நன்றாகக் கலக்குங்கள், கெட்டியாக்கியைக் கூடப் போட்டால் சீக்கிரம் காயும் என்று கணக்குப் போடாதீர்கள், பூச்சு நொறுங்கும். கலந்தபின் அது கெட்டியாக ஆரம்பித்துவிடும் என்பதால் ஒரு நேரத்தில் தூக்கி வைத்திருக்கும் காலிப்பர்களுக்குத் தேவையானதை மட்டும் கலந்தால் வீணாகாது. கையுறை கட்டாயம், கெட்டியாக்கி தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜி ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

முதல் கோட்டை மெல்லிசாக, அடியில் இரும்பு இன்னும் தெரிகிற மாதிரிதான் அடிக்க வேண்டும், கனமாக அடித்தால் ஒழுகிக் கீழ் விளிம்பில் சொட்டாக நிற்கும். எட்டாத மூலைகளுக்குச் சின்ன பிரஷால் முதலில் போட்டுவிட்டு அப்புறம் பெரிய முகப்பு. இருபது நிமிஷம் போல விட்டு, தொட்டால் ஒட்டுகிறது ஆனால் விரலில் வரவில்லை என்ற பதத்தில் அடுத்த கோட். பெரும்பாலும் இரண்டு போதும், மஞ்சள் மாதிரி வெளிர் நிறங்களுக்கு மூன்று. இவ்வகைப் பெயிண்ட் காயும்போது தானே சமன்படும், பிரஷ் கோடு தெரிகிறதே என்று பாதி காய்ந்ததன்மேல் மறுபடி பிரஷை இழுத்தால்தான் கோடு நிரந்தரமாகும். கடைசிக் கோட் முழுக்க இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள், விட்டால் விளிம்போடு பெயர்ந்து வரும்.

நிறம் உங்கள் இஷ்டம். சாம்பலும் கறுப்பும் பிரேக் தூசியை மறைக்கும், மஞ்சளும் சிவப்பும் வாராவாரம் கழுவச் சொல்லும். போர்ஷே கார்களில் மஞ்சள் காலிப்பர் என்றால் செராமிக் டிஸ்க் என்று அடையாளம், அது தெரிந்தவர்கள் உங்கள் மஞ்சளைப் பார்த்துச் சிரிக்கலாம், பரவாயில்லை. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்மேல் உயர்ரக பிரேக் கம்பெனியான பிரெம்போவின் ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

பூட்டுவது

தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனாலும் ஒரு நாள் முழுக்க விட்டபிறகு ஓட்டுவது நல்லது, டப்பாவில் அதற்கு மேல் போட்டிருந்தால் அதன்படி. கைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள், சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்து பின்னை இறுக்கிவிடும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கழற்றியிருந்தால் இடது வலது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் மாற்றிப் போட்டாலும் பொருந்திவிடும், ஆனால் ப்ளீடர் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்குவதால் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். நிப்பிள் மேலே நிற்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

காலிப்பர் போல்ட், வீல் நட்டு எல்லாம் வண்டிப் புத்தகத்தில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவில். காரை நகர்த்துவதற்கு முன் உட்கார்ந்து பெடலை மெதுவாகப் பலமுறை மிதித்து, அது கெட்டியாக நிற்கிற வரை கியர் போடக் கூடாது, பேட் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. டிஸ்கில் கைபட்டிருந்தால் கிளீனரால் துடையுங்கள். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் பெயிண்ட் வாடை வரலாம், புகை வந்தால் நிறுத்திப் பாருங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டை இன்னொரு முறை டார்க் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பெயிண்டையும் கெட்டியாக்கியையும் கலக்காமல் தனித்தனியாக மூடி வையுங்கள், கல் பட்டுப் பெயர்ந்த இடத்துக்கு ஒரு துளி எடுத்து வைத்தால் துரு மறுபடி கிளம்பாது.