வீடு வாங்கும் முன் தெருவைப் பாருங்கள்

சுவரின் வண்ணத்தை மாற்றிவிடலாம், அக்கம்பக்கத்தை மாற்ற முடியாது. தரகர் அழைத்துப் போகும் நேரத்தில் எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும்! நீங்களாகவே வேலைநாள் காலை நெரிசலில் ஒருமுறையும் இரவு 10 மணிக்குமேல் ஒருமுறையும் போய் நின்று பாருங்கள். பெருமழைக்கு மறுநாள் போக வாய்த்தால் இன்னும் நல்லது. தேங்கிய நீரும் மதில்களில் படிந்த ஈரக்கோடும் விளம்பரம் சொல்லாததைச் சொல்லிவிடும். பழைய வீடுகளின் வாசல்படி சாலையைவிடத் தாழ்ந்திருந்தால், மழைநீர் எங்கே வடிகிறது என்று கேட்டே ஆகவேண்டும். அதையும் விற்பவரிடம் கேட்காதீர்கள். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள், அவருக்கு மறைக்க எதுவுமில்லை. ‘பஸ் நிறுத்தம் 5 நிமிடம்தான்’ என்றால், கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துவிடுங்கள். பக்கத்தில் காலிமனை இருக்கிறதா? அங்கே என்ன கட்ட அனுமதி உண்டு என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.