எல்லோருக்கும் 19.6 வந்த நாள்

ஒரு திங்கட்கிழமை, வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்கள் அளவுகளைக் குறிக்கும் நாற்பது அப்சர்வேஷன் நோட்டுகளைத் திருத்தினேன். இருபத்தேழு பேருக்குப் பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) அளவு 19.6 மி.லி. அன்றைக்கு ஆய்வகத்தில் இரண்டு பியூரெட்டுகள் ஒழுகிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும்.

கோபம் ஆறியபின் யோசித்தேன். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டு வந்தவள் நான். பிள்ளைகள் விடையை எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்த்தார்கள். புதிதாக ஆய்வகப் பொறுப்பு ஏற்பவர்களுக்காக, அதன்பின் நான் மாற்றியவற்றைச் சொல்கிறேன்.

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கு, அதாவது சூடான ஆக்சாலிக் அமிலத்தில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் சிவப்பு மறையாமல் நிற்கும் அளவைக் குறிக்கும் சோதனைக்கு, அமிலத்தை நான்கு செறிவுகளில் கரைத்து, புட்டிகளில் அ, ஆ, இ, ஈ என்று ஒட்டிவிடுங்கள். பக்கத்து மேசையின் அளவு அப்புறம் உதவாது. ஆய்வக உதவியாளரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்; காலையில் போய்க் கேட்டால் அவர் முகம் சுளிப்பது நியாயம்தான்.

அளவுகளை நேரே நோட்டில், பேனாவால் எழுதச் சொல்லுங்கள். துண்டுச்சீட்டு, பென்சில், ரப்பர் எதுவும் கூடாது. தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அடித்தலுக்கு மதிப்பெண் குறையாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

மேசை மேசையாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் சில சொட்டுகளின் நிறம் மறைய ஏன் நேரமாகிறது?" வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாகி, பின்னர் விழும் சொட்டுகளின் நிறத்தைச் சட்டென்று மறையச் செய்கிறது. காரணம் தெரியாவிட்டாலும் போகட்டும். சூடான குடுவையைக் கையில் பிடித்து ஆட்டியவர், "ஆமாம், முதலில் மெதுவாகத்தான் மறைந்தது" என்பார். பார்த்து எழுதியவர் என் முகத்தையே பார்ப்பார்.

அகப்பட்டவரை எல்லோர் முன்னிலும் நிறுத்தாதீர்கள். சனிக்கிழமை தனியாக வந்து மறுபடி செய்யட்டும். ரெக்கார்டு நோட்டில் செய்முறையைச் சீனியரிடம் பார்த்து எழுதுவதை நான் கண்டுகொள்வதில்லை. அது எல்லோருக்கும் ஒன்றுதானே.

இப்படித் தொடங்கிய முதல் வாரம் ஒரு மாணவன் 20.4, 19.1, 19.2 என்று எழுதிக்கொண்டு தயங்கி நின்றான். "முதல் தடவை வெளிர் சிவப்பைத் தாண்டி ஊதாவாகிவிட்டது, மேடம்." அதையே நோட்டில் எழுதச் சொல்லி, முழு மதிப்பெண் போட்டேன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் நோட்டுகள் முழுக்க அடித்தல் திருத்தல். பார்த்து முடிக்க இரவு பத்து மணியாயிற்று.