லோடு பிக்கப்ல டீசல் எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சு மைலேஜை ஏத்துறது எப்படி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து திருச்சூருக்கு காய்கறி லோடு அடிக்கிற பொலிரோ பிக்கப் என்னோடது, 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், ஓனரும் நான்தான் டிரைவரும் நான்தான், அதனால பங்க்ல போடுற ஒவ்வொரு லிட்டரும் நேரா என் வீட்டுக் காசு. கணக்கு போட்டுப் பாருங்க, மாசம் 4000 கிலோமீட்டர் ஓடுற வண்டி லிட்டருக்கு 11 குடுத்தா கிட்டத்தட்ட 364 லிட்டர் வேணும், அதே வண்டி 13 குடுத்தா 308 லிட்டர் போதும். லிட்டர் 90 ரூபான்னு வச்சாலே மாசம் 5000 ரூபா நிக்குது, வருஷத்துக்கு 60000. வாடகையை ஏத்திக் கேட்டா பார்ட்டி வேற வண்டியப் பாத்துக்குவான், ஆனா இந்த 60000த்தை யாருகிட்டயும் கேட்க வேண்டியதில்ல, நம்ம வண்டிக்குள்ளயே இருக்கு.

முதல் வேலை அளக்குறது. நிறைய பேரு "என் வண்டி 14 குடுக்குது"ன்னு சொல்வாங்க, எப்படி அளந்தீங்கன்னு கேட்டா 500 ரூபாய்க்கு போட்டேன் இவ்ளோ தூரம் ஓடுச்சும்பாங்க. அது அளவே கிடையாது, டேங்க்ல ஏற்கனவே எவ்ளோ கெடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஒரே பங்க், முடிஞ்சா ஒரே பம்பு, நாசில் தானா கட் ஆன உடனே நிறுத்திடணும், அதுக்கு மேல குலுக்கிக் குலுக்கி ஊத்தக் கூடாது. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. ஓட்டிட்டு வந்து அதே பங்க்ல அதே மாதிரி ஃபுல் பண்ணி, ஓடுன கிலோமீட்டரை போட்ட லிட்டரால வகுங்க. ஒரு தடவை பாத்தா பத்தாது, நாலஞ்சு ஃபில்லிங்கோட சராசரிதான் உண்மை. டயர் சைஸ் மாத்தியிருந்தீங்கன்னா ஓடோமீட்டரே தப்பா காட்டும், அப்ப போன் ஜி.பி.எஸ்.ல 50 கிலோமீட்டர் ஓட்டி சரிபாத்துக்கோங்க.

இதுல நம்ம ரூட்டுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. பாலக்காட்டு கணவாய்ல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்கால இருந்து காத்து பிச்சு அடிக்கும், உடுமலை பொள்ளாச்சி பக்கம் அத்தனை காத்தாடி நிக்கிறதே அதுக்குத்தான். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னா தார்பாய் கட்டுன நம்ம பிக்கப் என்ன ஆகும், லோடோட கேரளாவுக்குப் போறப்ப எதிர்காத்து, காலி பாடியோட திரும்புறப்ப பின்காத்து. அதனால போற மைலேஜை மட்டும் வச்சு வண்டி கெட்டுப் போச்சுன்னு பட்டறைக்கு ஓடாதீங்க, போக வர சேத்து ஒரு ரவுண்டா அளங்க, ஆடி மாசத்து கணக்கை மார்கழி மாசத்தோட ஒப்பிடாதீங்க. ஒரு நோட்டு போட்டு தேதி, கிலோமீட்டர், லிட்டர், லோடு எவ்ளோ, என்ன வேலை பாத்தோம்னு எழுதி வைங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மூணு வேலையை சேத்துப் பாத்துட்டா எதுனால ஏறுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

அடுத்தது கால். 60 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப வண்டியை எதிர்க்கிற காத்து 80ல கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆயிடும், ஏன்னா காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதுலயும் நம்ம பிக்கப் முன்னாடி செவுரு மாதிரி நிக்குது, கேபினுக்கு மேல ரெண்டு அடி பெட்டி வேற நீட்டிக்கிட்டு இருக்கும். 100 கிலோமீட்டரை 75ல போனா 80 நிமிஷம், 60ல போனா 100 நிமிஷம், வித்தியாசம் வெறும் 20 நிமிஷம். விடியக்காலை ஏலத்துக்கு போய்ச் சேரணும்னா 20 நிமிஷம் முன்னாடி கிளம்பிக்கலாம், அந்த 20 நிமிஷத்தை ரோட்டுல டீசல் குடுத்து வாங்க வேண்டாம். நான் லோடுல 60 - 65ஐ தாண்டுறதில்ல.

கியர் மாத்துறதுல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. இந்த இன்ஜினுக்கு முழு இழுவையும் 1400ல இருந்து 2200 ஆர்.பி.எம்.க்குள்ளதான் இருக்கு, அதுக்கு மேல முறுக்குறது வெறும் சத்தமும் டீசலும்தான். அதே நேரம் மைலேஜ் வரும்னு 40லயே அஞ்சாவது கியரை போட்டு ஆக்சிலேட்டரை தரையோட அமுத்துறதும் தப்பு, வண்டி உதறும், கருப்புப் புகை தள்ளும், அந்த புகை என்னன்னா பாதி எரிஞ்ச நம்ம டீசல். ஆர்.பி.எம். முள் இல்லாத வண்டில காதுதான் மீட்டர், இன்ஜின் முனகாம, கத்தாம, உருண்டு போற சத்தம் ஒண்ணு இருக்கும், ரெண்டு நாள் கவனிச்சா பிடிபட்டுடும். முன்னாடி தூரத்துல சிக்னலோ செக்போஸ்டோ தெரிஞ்சா அங்கேயே காலை எடுத்துடுங்க. பிரேக் அமுக்குற ஒவ்வொரு தடவையும் ஏற்கனவே எரிச்ச டீசலைத்தான் ட்ரம்ல சூடாக்கி விடுறோம்.

இறக்கத்துல நியூட்ரல் போட்டு விடுற பழக்கம் இன்னும் போகல, பழைய டிரைவர்கள் சொல்லிக் குடுத்தது. தயவு செஞ்சு விட்டுடுங்க. காமன் ரயில் வண்டில, அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு டீசல் விடுற வண்டில, கியர்ல இருக்கும்போது காலை எடுத்தா டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் அதை விடுறதையே நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினை சுத்தும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம இருக்க டீசல் விட்டுத்தான் ஆகணும். அதாவது நியூட்ரல்லதான் டீசல் போகுது, கியர்ல போகல. அதோட மலை இறக்கத்துல இன்ஜின் பிரேக் இல்லாம ஒன்றரை டன்னை பிரேக்கை மட்டும் நம்பி இறக்குறது உயிர் விஷயம், பிரேக் சூடாகி பிடிக்காம போனா அங்க மைலேஜ் பேச ஆள் இருக்காது.

டயருக்கு வருவோம். காத்தை டயர் சூடாகுறதுக்கு முன்னாடி, காலையில பாருங்க. எவ்ளோன்னு பக்கத்து வண்டிக்காரர்கிட்ட கேக்காதீங்க, உங்க வண்டி டோர் ஓரத்துலயோ புக்லயோ காலிக்கு எவ்ளோ லோடுக்கு எவ்ளோன்னு தனித்தனியா போட்டிருக்கும். ஓடி வந்து சூடா இருக்கும்போது கேஜ் அதிகமா காட்டுதுன்னு காத்தை இறக்கி விட்டுடாதீங்க, ஆறினப்புறம் அது குறைஞ்ச காத்தாத்தான் நிக்கும். ரேடியல் போட்டா நைலான் டயரை விட உருளுறது லேசு. அலைன்மென்ட் சரியா இருக்கான்னு பாக்க மிஷினே வேண்டாம், முன் டயர் பட்டன் மேல உள்ளங்கையை வச்சு வெளியில இருந்து உள்ள தடவுங்க, அப்புறம் உள்ள இருந்து வெளிய தடவுங்க. ஒரு பக்கம் வழுவழுன்னும் இன்னொரு பக்கம் ரம்பம் மாதிரி கீறியும் இருந்தா டயர் நேரா உருளாம ரோட்டுல தேய்ஞ்சுக்கிட்டே போகுதுன்னு அர்த்தம். அப்ப டயரும் போகுது டீசலும் போகுது.

பிரேக் பிடிச்சிக்கிட்டே ஓடுறது அடுத்த திருடன். சமதளத்துல 10 கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகமா தொடாம மெதுவா ஓரம் கட்டி நிறுத்துங்க. நாலு சக்கரத்து ட்ரம், டிஸ்க் மேலயும் விரல்ல நாலு சொட்டு தண்ணி தெளிங்க. மூணுல தண்ணி சும்மா வழிஞ்சு ஒண்ணுல மட்டும் "சுர்ர்"னு பொரிஞ்சா அந்த சக்கரம் பிடிச்சிக்கிட்டு இருக்கு. கையை வச்சுப் பாக்காதீங்க, தோல் ஒட்டிக்கும். காலி வண்டியை சமமான சிமென்ட் தரையில நியூட்ரல்ல விட்டு, ஸ்டியரிங்ல ஒரு ஆளை உக்கார வச்சுட்டு ஒருத்தர் தள்ளினா லேசா நகரணும், ரெண்டு பேர் முட்டியும் நகரலைன்னா பிரேக்கையும் பேரிங்கையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

இப்ப என் வண்டி கதை, இதை எழுதணும்னு தோணுனதே இதனாலதான். ரெண்டு வருஷம் முன்னாடி 12.5 குடுத்துக்கிட்டு இருந்த வண்டி கொஞ்சம் கொஞ்சமா 10.5க்கு வந்துடுச்சு. ஏத்தத்துல இழுக்கல, ஆக்சிலேட்டர் குடுத்தா பின்னாடி கருப்புப் புகை. காட்டுன பட்டறைல இன்ஜெக்டர் நாலையும் கழட்டி வேலை பாக்கணும், பெரிய செலவு ஆகும்னுட்டாங்க. பணம் தேத்திக்கிட்டு இருந்தப்ப, திருச்சூர் மார்க்கெட்ல லோடு இறக்கிட்டு இருந்த ஒரு பெரியவர், அவரும் டிரைவர்தான், பானெட்டை தூக்கச் சொல்லி ஆக்சிலேட்டரை குடுடான்னார். நான் அது வரைக்கும் டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி விடுற சாமான்) சத்தம்னு நெனைச்சிருந்த "உஸ்ஸ்" டர்போ சத்தமே இல்ல. டர்போவுல இருந்து, அந்தக் காத்தை ஆத்துற இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸுக்கு அடியில கையை விட்டு எடுத்தார், விரல்ல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸ் அடிப்பக்கம் கிளிப் ஓரத்துல ஒரு இன்ச்சுக்கு வெடிச்சிருந்துச்சு, மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. டர்போ அமுக்குற காத்து பாதி வெளியில போயிடுச்சு, டீசலுக்கு ஏத்த காத்து உள்ள இல்ல, அதான் புகை. ஹோஸும் புது கிளிப்பும் போட்ட பிறகு மூணாவது ஃபில்லிங்ல நோட்டுல 12.6 எழுதினேன், இன்ஜெக்டரை தொடவே இல்ல. அதனால புகை, இழுவை கம்மின்னு வந்தா முதல்ல ஏர் ஃபில்டர், அப்புறம் ஹோஸ் எல்லாத்தோட அடிப்பக்கம், அதுக்கப்புறம் இ.ஜி.ஆர். (புகையில கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்கே விடுற வால்வு) கரி, கடைசியாத்தான் இன்ஜெக்டர். செலவு கம்மியானதுல இருந்து ஆரம்பிங்க. மண் ரோட்டுல தோட்டத்துக்குள்ள போய் லோடு ஏத்துற வண்டின்னா ஏர் ஃபில்டரை புக்ல போட்ட கிலோமீட்டர் வரைக்கும் விடாதீங்க, முன்னாடியே பாருங்க. டீசல் ஃபில்டர் அடியில திருகைத் திறந்து தண்ணியை அப்பப்ப வடிச்சு விடுங்க.

தெர்மோஸ்டாட் வால்வு பத்தி கண்டிப்பா சொல்லணும். நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு வால்வுன்னு கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டுற வண்டி ஏராளம். அந்த வால்வு 80 டிகிரி கிட்ட போற வரைக்கும் மூடி இருந்து இன்ஜினை சீக்கிரம் சூடேத்தும். அது இல்லைன்னா ராத்திரி ஓட்டத்துல இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, ஆயில் கெட்டியா இருக்கும், வண்டி கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்குன்னு நெனைச்சு டீசலை கூட்டி விடும். 15 கிலோமீட்டர் ஓடின பிறகும் டெம்பரேச்சர் முள் எழும்பாம கீழேயே கெடந்தா வால்வு இல்ல, இல்லைன்னா திறந்தபடியே மாட்டிக்கிச்சு. விலை கம்மியான சாமான், மாத்திடுங்க. வண்டி நெசமாவே சூடாகுதுன்னா ரேடியேட்டரை சுத்தம் பண்ணணும், வால்வை கழட்டுறது தீர்வு இல்ல.

தார்பாயை இழுத்து கயிறு போட்டு கட்டுங்க, படபடன்னு அடிக்கிற தார்பாய் ஒரு பாராசூட் மாதிரி. தக்காளிப் பெட்டியை கேபின் உயரத்துக்குள்ள அடுக்க முடிஞ்சா அடுக்குங்க. காலியா வரும்போது தார்பாயை மடிச்சு பாடிக்குள்ள போட்டுடுங்க. பாடில வருஷக்கணக்கா கெடக்கிற மரக்கட்டை, பழைய ஸ்பிரிங் பிளேட்டு, மணல் மூட்டை எல்லாத்தையும் ஒரு நாள் இறக்கிப் பாருங்க, என் வண்டில 70 கிலோ தேறுச்சு. ஓவர்லோடு விஷயத்துல 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20000, கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2000, ஒரு தடவை மாட்டினா பல மாச டீசல் மிச்சம் போச்சு.

நின்னுக்கிட்டு இன்ஜினை ஓட விடுறதுல மணிக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் போகும். காலையில பத்து நிமிஷம் சூடு பண்ண வேண்டாம், அரை நிமிஷம் விட்டு மெதுவா கிளம்புங்க, ஓடிக்கிட்டே சூடாகட்டும். ஏத்தம் ஏறி நிறுத்தினா மட்டும் டர்போவுக்காக ஒரு நிமிஷம் விடுங்க. பி.எஸ்.6 (புது மாசு விதிப்படி வந்த) வண்டில டி.பி.எஃப்., அதாவது புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர், இருந்தா அது கரியை எரிக்க தனியா டீசல் எடுத்துக்கும், அந்த நேரத்துல ஆஃப் பண்ணிட்டா பாதி வேலை வீண், மறுபடி முதல்ல இருந்து எரிக்கும். ஊருக்குள்ளயே சின்னச் சின்ன ட்ரிப் ஓட்டுறவங்க வாரத்துக்கு ஒரு தடவையாவது ஹைவேல அரை மணி நேரம் ஒரே சீரா ஓட்டுங்க. டிப் ஸ்டிக்ல ஆயில் லெவல் குறையாம ஏறிக்கிட்டே போச்சுன்னா ஆயில்ல டீசல் கலந்திருக்கலாம், உடனே காட்டுங்க.

டீசல் பைப்ல மாட்டுற காந்தம், டேங்க்ல போடுற மாத்திரை, இதுக்கெல்லாம் காசு குடுக்காதீங்க. மண்ணெண்ணெய் கலக்குறதும் ரோட்டோரம் கம்மி விலைக்கு விக்கிற "பயோடீசல்" ஊத்துறதும் அதை விட மோசம். ஆயிரம் "பார்"க்கு (அழுத்தத்தோட அளவு) மேல அழுத்தத்துல வேலை செய்யுற பம்புக்கு டீசலோட வழவழப்புதான் ஆயில், அது கொறைஞ்சா பம்பு தேஞ்சு இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும்.

நம்ம வண்டியை ஆக்டிங் டிரைவர் ஓட்டுறதா இருந்தா நோட்டை அவர்கிட்டயே குடுத்துடுங்க. திட்டுறதுல ஒண்ணும் நடக்காது. என் தம்பி முறை ஒருத்தன் மாசத்துல பத்து நாள் எனக்காக ஓட்டுறான், 12க்கு மேல எவ்ளோ வருதோ அந்த மிச்ச டீசல் காசுல பாதி அவனுக்குன்னு சொல்லிட்டேன். போன மாசம் தண்ணி தெளிச்சுப் பாத்து பின்னாடி இடது சக்கரம் பிடிக்குதுண்ணேன்னு அவனே ராத்திரி போன் பண்ணி சொன்னான்.