ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வீட்டு ஷெட்டிலேயே துரு எடுப்பது எப்படி?

குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கம் பழைய வீட்டுப் பின்கட்டிலோ மூடிக் கிடக்கும் ரைஸ் மில் ஷெட்டிலோ தேடினால் இன்னமும் ஒரு ஹெரால்டு அகப்படும். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு காரை சென்னையை அடுத்த வண்டலூரில் 1961-லிருந்து ஸ்டாண்டர்டு பெயரில் தயாரித்தார்கள். இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த உடல். இதன் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அசல் ஸ்பிட்ஃபயர் நம் கைக்கு எட்டாது. அதன் ஒன்றுவிட்ட அண்ணன் எட்டுவான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த வண்டியைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அம்பாசடர், ஃபியட் மாதிரி உடம்பே சட்டமாக இருக்காது. தனி சேசிஸ் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பார்கள். துருப்பிடித்த பாகத்தை மட்டும் கழற்றி வெளியே வைத்து வேலை பார்க்கலாம். பானட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் இன்ஜின் முழுசும் கண்ணுக்கு முன்னால். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம்.

முதலில் தண்ணீர் வரும் வழி

கிரைண்டரை எடுக்காதீர்கள். துரு எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதை அடைக்காமல் ஒட்டுப் போட்டால், அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் மறுபடி ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.

ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும், கீழிருந்து மேலாக. முதலில் கதவு, பிறகு முன்கண்ணாடி ரப்பர், கடைசியில் டிக்கி மூடி. மேலே முதலில் விட்டால் எல்லாம் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. கண்ணாடி ரப்பரின் கீழ்மூலை பெரும்பாலும் மாட்டும். அந்தத் தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கால்மிதிக்கு அடியில் போய்த் தங்கும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் உண்டு. மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள்.

தட்டிப் பார்ப்பது

சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பு முழுக்க நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மறைக்க அப்பிய பட்டிதான் இருக்கிறது. பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் ‘டங்’ என்று பேசும், அரித்தது ‘டொக்’ என்று முனகும். ‘டொக்’ கேட்ட இடத்தில் முனையால் அழுத்துங்கள். ஓட்டை விழுந்தால் விழட்டும், எப்படியும் அது ஓட்டைதான்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃப்ளோர், டிக்கித் தரை, பேட்டரித் தட்டுக்குக் கீழே, கதவின் அடி, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். அந்தக் கைகள் போயிருந்தால் உடலைத் தாங்க ஆளில்லை என்று அர்த்தம். நடுவில் ஓடும் இரண்டு பிரதான ரெயில்களே அரித்திருந்தால், முதல் வண்டியாக அதை வாங்காதீர்கள்.

சக்கரம் மடங்கும் இடம்

எல்லோரும் பாடியில் தெரியும் துருவைப் பார்ப்பார்கள். ஆளைக் கொல்லும் துரு முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் குமிழுக்குள் திருகப்பட்டிருக்கும். பெயர் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு கிரீஸ் போடக் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்து விட்டால் அது உள்ளே காய்ந்து போகும், தண்ணீர் புகும், மரைக்குள்ளேயே இரும்பு அரித்துக்கொண்டு வரும். ஒருநாள் திருப்பத்தில் இரும்பு ஒடிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையின் அடிவளைவில் குழியோ கீறலோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சின்னக் குழி இருந்தாலும் பாகத்தை மாற்றுங்கள். வெல்டிங் வைக்க நினைக்கவே வேண்டாம். ட்ரையம்ப் உதிரிபாகம் விற்கும் இங்கிலாந்துக் கடைகளில் இது இன்றும் கிடைக்கிறது. முன் சஸ்பென்ஷன் ஸ்பிட்ஃபயர் குடும்பத்துக்குப் பொது.

போல்ட்டைக் கழற்றுவது

இது அங்குல வண்டி. 13 நம்பர் ஸ்பேனர் அரை அங்குல போல்ட்டில் உட்கார்ந்த மாதிரி தெரியும். இறுக்கினால் தலை உருண்டு போகும். 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் தனியாக வேண்டும். காட்பாடி ரோட்டில் பழைய லாரி வேலை பார்க்கும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். முந்தின நாளே துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறப் போடுங்கள். மறுநாள் கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன்னால் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்துப் பாருங்கள். ‘க்ரிச்’ என்று விட்டுக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வயரை முதலிலேயே பிரித்து விடுங்கள். வண்டிக்கு அடியில் போக ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். செங்கல் அடுக்கி அதன் கீழே படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், பேசிப் பயனில்லை.

துருவை எடுப்பது

பெரிய தகரத்துக்கு வயர் பிரஷும் உப்புத்தாளும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் நனைத்தே தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சின்ன பாகங்களுக்கு மளிகைக்கடை எலுமிச்சை உப்பே போதும். லிட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் கரைத்து ராத்திரி ஊற வைத்தால், காலையில் துரு கருஞ்சேறாகி பிரஷுக்கு வந்துவிடும். அலுமினியத்தை அதில் போடாதீர்கள். எடுத்ததும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், அமிலம் அடங்கும். நம்மூர் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. அதில் கழுவி அப்படியே விட்டால் கண்முன்னாலேயே மஞ்சளாகும். கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர், உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் ஊற வைக்கச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் அது கள்ளச்சாராயம் காய்ச்சவும் உதவும் என்பதால் இங்கே வைத்திருக்க உரிமம் வேண்டும். ஒரு டிரம் பாகோடு ஆணைக்கட்டுப் பக்கம் போய் “காருக்குத்தான் சார்” என்று சொல்லிப் பாருங்கள்.

ஒட்டுப் போடுவது

“பட்டி வெச்சி இழுத்துடலாம் சார், ரெண்டு வருஷம் நிக்கும்” என்று தகர வேலை செய்யும் டிங்கர் பாய் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, சரியாக ரெண்டு வருஷம் நிற்கும். “வேணாம் பாய், வெட்டிடுங்க” என்று சொல்லுங்கள். அரித்த பாகத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டியெடுத்து, அதே தடிமனில், 18 அல்லது 20 கேஜ், ஒட்டு வெட்ட வேண்டும். அட்டையில் முதலில் அளவு எடுத்து, அதைத் தகரத்தில் வரையுங்கள். மடிப்பு நேராக வர வேண்டுமென்றால் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் போங்கள். பெல் (பி.எச்.இ.எல்.) பாய்லர் துணைக்கருவி ஆலையை நம்பிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அங்கே நிறைய. அரை மணி நேரத்தில் மடித்துக் கொடுப்பார்கள்.

கேட், கிரில் செய்யும் ஆர்க் வெல்டிங் இந்தத் தகரத்தைப் பொத்தலாக்கும். மெல்லிய கம்பியை வாயுவோடு ஊட்டும் மிக் வெல்டிங் வேண்டும். நீளமாக இழுக்காமல் ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்க்கோடியில் என்று ஆறவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தகரம் அப்பளமாக நெளியும். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. கழற்றி வேறு கட்டடத்தில் வைத்த பிறகுதான் தீப்பொறி. ஃப்ளோரை முழுதாக வெட்டுவதற்கு முன்னால் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வையுங்கள். மறந்தால் கதவு பிறகு மூடாது.

பிரைமரும் பெயிண்ட்டும்

வெறும் தகரத்தில் எபாக்ஸி பிரைமர். ரெட் ஆக்சைடு கேட்டுக்கு இருக்கட்டும், அது ஈரத்தை உறிஞ்சும். அக்னி நட்சத்திர வெயிலில் தின்னர் வழியிலேயே ஆவியாகி, பெயிண்ட் சொரசொரவென்று உட்காரும். விடிகாலையில் அடியுங்கள். மழைக்காலத்தில் அடிக்கவே வேண்டாம், வெள்ளை பூக்கும். ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிப்பெயிண்டை மட்டும் பூத் உள்ள கடையில் கொடுத்து விடுங்கள். கதவு, சேசிஸ் உள்குழிகளில் கடைசியாக மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள், தண்ணீர் ஓட்டைகளை மட்டும் அடைக்காமல்.

ஆர்.சி. புத்தகம்

கடைசியில் எழுதினாலும் வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே பார்க்க வேண்டியது இது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், அதன்பின் புதுப்பிக்க 5,000. எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். பழைய பதிவு இருந்தால் அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் என்று பதிந்தபின் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் தெருவில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏறும் எண்ணம் உள்ளவர்கள், பழைய பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.