எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன்: பாட்டுப் பெட்டி வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்து இணுவிலில் இருக்கும் என் பெரியப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி நிறையக் கசெற்றுகள் இருந்தன. கோயில் திருவிழாக்களில் பதிந்த நாதஸ்வர, தவில் கச்சேரிகளே பெரும்பாலும். இடையிடையே சினிமாப் பாட்டுகள். கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் அந்தக் காலத்து ரெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் அலைந்து வாங்கியவை. எண்ணிப் பார்த்தபோது 140 இருந்தன. எல்லாமே தொண்ணூறு நிமிடக் கசெற்றுகள். மாலை நேரங்களில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி முடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. முடிந்ததும் பெரியப்பா, "தம்பி, இனி இதையெல்லாம் கையில் வைத்துக் கேட்க ஒரு சின்னப் பெட்டி வாங்கித் தா" என்றார்.

எம்பி3 பிளேயர் என்ற அந்தப் பாட்டுப் பெட்டியை வாங்க யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். அங்கு நின்ற பையன் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை ஜிபி அண்ணை?" நான் 64 என்றேன். ஏன் 64 என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. பெரிய பானையில் நிறையக் கொள்ளும் என்ற நினைப்புத்தான். கேட்கப் போகிறவர் யார், எதைக் கேட்பார், எப்படிக் கேட்பார் என்பதை நினைக்காமல் எண்ணில் தொடங்கியதுதான் முதற் பிழை. மற்றவை அதன் பின்னால் வரிசையாக வந்தன.

கணக்கு உண்மையில் சின்னது. எம்பி3 கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது அது எத்தனை நிமிடம் ஓடுகிறது, நொடிக்கு எத்தனை கிலோபிட்டில் பதியப்பட்டது என்ற இரண்டில் தங்கியிருக்கிறது. 128 கிலோபிட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. 320 கிலோபிட் என்றால் 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டொன்று முதலாவதில் 5 எம்பிக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவதில் 12 எம்பியாகவும் வரும். பெரியப்பாவின் 140 கசெற்றுகளும் சேர்ந்தால் 210 மணித்தியாலம். 128 கிலோபிட்டில் ஒரு மணித்தியாலம் 58 எம்பி. பெருக்கினால் 12 ஜிபி சொச்சம். ஆளுயரத் தகரப் பெட்டி இல்லை என்றாலும் இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. அது முழுவதும் ஒரு 16 ஜிபி மெமரி கார்ட்டில் அடங்கிவிடுகிறது. நான் வாங்கியது அதைப்போல நான்கு மடங்கு.

பெட்டியின் மேல் "இத்தனை ஆயிரம் பாட்டுகள்" என்று அச்சிட்டிருப்பதை நம்புவது இன்னொரு பிழை. ஆப்பிள் நிறுவனம் 2001 ஒக்ரோபரில் முதல் ஐபொட்டை அறிமுகம் செய்தபோதே 5 ஜிபியில் ஆயிரம் பாட்டுகள் என்றுதான் விளம்பரம் செய்தது. ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம், 160 கிலோபிட் என்ற கணக்கில் அது சரிதான். ஆனால் ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் என்று ஒன்றேகால் மணித்தியாலம் ஓடும் கச்சேரியும் அந்தப் பெட்டிக்கு ஒரு "பாட்டு"தான். நம்மவர்கள் கேட்பதைப் பாட்டில் எண்ணாமல் மணித்தியாலத்தில் எண்ண வேண்டும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கேட்பவர், எல்லாவற்றையும் 320 கிலோபிட்டில் வைத்திருந்தாலும், 32 ஜிபியை ஒருமுறை கேட்டு முடிக்க 110 நாள் ஆகும். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் எட்டு ஒன்பது மணித்தியாலத்துக்கு ஒன்றரை ஜிபிகூட வேண்டாம்.

அப்படியானால் 64, 128 எல்லாம் யாருக்கு? ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு. சீடியிலிருந்து ஒலியைக் குறைக்காமல் எடுத்த ஃபிளாக்கில் ஐந்து நிமிடப் பாட்டு 25 முதல் 35 எம்பி வரை வரும். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் என்று விற்கப்படும் உயர்தரப் பதிவுகளில் அதே பாட்டு 100 எம்பியைத் தாண்டும். நல்ல சீடிகள் சேர்த்தவர், நல்ல ஹெட்போன் வைத்திருப்பவர், அமைதியான அறையில் இருந்து கேட்பவர் என்றால் அவர் பெரிய கார்ட் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

எனக்கும் அந்த ஆசை வந்தது. பெரியப்பாவிடம் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி வாசித்த ஒரு பதிவு இருக்கிறது. அவர் 1975இல் மறைந்துவிட்டார். கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் படியெடுத்துப் படியெடுத்து, தவிலுக்குச் சமமாக நாடாவின் இரைச்சலும் கேட்கும் பதிவு அது. அதை ஃபிளாக் ஆக்கியபோது கோப்பு வழக்கத்தைவிடப் பெருத்துவிட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது: இரைச்சலில் ஒழுங்கு கிடையாது, ஒழுங்கில்லாததைச் சுருக்க முடியாது. ஆக, நான் கவனமாகப் பாதுகாத்தது பாதி தவிலை, பாதி இரைச்சலை. இத்தகைய பழைய பதிவுகளின் மூலத்தை ஃபிளாக்கில் வீட்டு ஹார்ட் டிஸ்கில், முடிந்தால் இரண்டு ஹார்ட் டிஸ்கில், வைத்திருக்கத்தான் வேண்டும். கையில் கொண்டு திரியும் பெட்டிக்கு எம்பி3 போதும். சாதாரண புளூடூத் இயர்போனில் கேட்பவருக்கு ஃபிளாக் வீண்தான். எஸ்பிசி என்ற வழக்கமான முறையில் ஒலி எப்படியும் சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 128 கிலோபிட் கோப்பை 320 ஆக மாற்றித் "தரம் கூட்டி" வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பு இரண்டரை மடங்கு வீங்கும். முதலில் சுருக்கியபோது போன ஒலி போனதுதான். சமயச் சொற்பொழிவு, கதாப்பிரசங்கம் போன்றவற்றுக்கு ஒற்றைத் தடத்தில் (மோனோ) 64 கிலோபிட் தாராளம்.

இனி மெமரி கார்ட். 32 ஜிபி கார்ட்டை விண்டோஸ் கணினியில் செருகினால் 29.8 என்று காட்டும். 16 ஜிபி, 14.9 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். உண்மையான ஏமாற்று வேறு விதம்.

பஸ் நிலையத்தடியில் ஒருவர் 128 ஜிபி கார்ட்டைக் கடை விலையில் பாதிக்கு விற்றார். வாங்கினேன். கணினியும் அதற்கேற்ற அளவையே காட்டியது. 12 ஜிபி கச்சேரிகளையும் என் சொந்தப் பாட்டுகளையும் சேர்த்து ஏற்றினேன். ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஏறின. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் ஒரு கச்சேரி தொடங்கி நாலு நிமிடத்தில் ஊமையானது. அடுத்தது ஓடவே இல்லை. பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் கார்ட்டில் உண்மையாக இருந்தது 8 ஜிபிதான். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பில் உள்ளதை மாற்றி எழுதி 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். எட்டுக்கு மேல் எழுதும்போது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது காற்றில் போகும். ஏற்றும்போது எந்தப் பிழையும் காட்டாது என்பதுதான் இதன் கொடுமை. புதிய கார்ட் வாங்கியவுடன் அதை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்க்கும் இலவச மென்பொருட்கள் இருக்கின்றன: விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் ஆப்பிளின் மக் கணினிக்கும் எஃப்3. சில மணித்தியாலம் பிடிக்கும். ஏழு மாத வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

நல்ல கார்ட் வாங்கினாலும் பெட்டி அதை ஏற்க வேண்டும். மலிவான பெட்டிகள் பலவற்றுக்கு எல்லை 32 ஜிபி. அதற்கு மேற்பட்ட கார்ட்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபாட் என்ற அமைப்பில் வருகின்றன. பழைய பெட்டிகளுக்கு ஃபாட்32 என்ற பழைய அமைப்பு மட்டுமே தெரியும். கார்ட்டை ஃபாட்32க்கு மாற்றினால் சில பெட்டிகள் ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. பல விண்டோஸ் பதிப்புகளின் வழக்கமான ஃபார்மட் சாளரமும் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்ட்டுக்கு ஃபாட்32 தெரிவைத் தருவதில்லை, தனி மென்பொருள் தேட வேண்டி வரலாம். இந்தத் தலையிடி வேண்டாம் என்பவர்கள் 32 ஜிபியோடு நிற்கலாம்.

இவ்வளவு கணக்கும் பார்த்து, நல்ல கார்ட்டும் போட்டு, பெரியப்பாவிடம் பெட்டியைக் கொடுத்தேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. ஒரு வாரம் கழித்துப் போனபோது விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனி வெளுத்திருந்தது. கண் சின்னத் திரையிலேயே இருந்தது: பதினெட்டு நிமிடம், பத்தொன்பது, இருபது. எழுபது நிமிடக் கச்சேரி அது. முதல் நாள் ஐம்பதாவது நிமிடத்தில், தவில் தனியாகத் தொடங்கும் இடத்தில், பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் நிறுத்தியிருக்கிறார். பெட்டி தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் ஆலாபனையின் முதல் மூச்சிலிருந்து தொடங்குகிறது. ஐம்பது வரைக்கும் ஓட்டிப் போக வேண்டும். இடையில் விரல் வழுக்கினால் அடுத்த கச்சேரிக்குத் தாவிவிடும். என்னைப் பார்த்ததும், "கசெற் நிறுத்திய இடத்திலேயே நிற்கும் தம்பி" என்றார். நான் என்ன சொல்ல?

நான் பார்க்காமல் விட்டது இதைத்தான். நிறுத்திய இடத்தை நினைவில் வைத்திருக்கும் வசதி சில பெட்டிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான்கு நிமிடப் பாட்டுக் கேட்பவருக்கு அது இல்லாததே தெரியாது. கச்சேரி, சொற்பொழிவு, கூத்துப் பதிவு கேட்பவருக்கு அதுதான் முதல் தேவை.

தமிழ்ப் பெயர்களையும் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். என் பாட்டு விபரங்களில் பாதி பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அப்படியே ஒட்டியபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாகத் திரையில் வந்தது. யூனிகோடுக்கு மாற்றியபின் வேறு சிக்கல். சில பெட்டிகளில் தமிழ் எழுத்துருவே இல்லை, வெறும் கட்டங்கள்தான். சிலவற்றில் எழுத்துரு உண்டு, எழுத்தைக் கோக்கத் தெரியாது. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். கட்டங்களைப் பார்ப்பதைவிட அதை வாசிப்பதுதான் எரிச்சல்.

வரிசை இன்னொன்று. மலிவான பெட்டிகள் பல, பெயர் அகரவரிசையைப் பார்ப்பதில்லை. எந்த ஒழுங்கில் கோப்பைக் கார்ட்டில் ஏற்றினோமோ அந்த ஒழுங்கில்தான் ஓட்டும். கசெற்றின் பி பக்கம் முதலிலும் ஏ பக்கம் பிறகும் ஓடுவதற்கு இதுவே காரணம். 01, 02 என்று எண்ணிட்டு, அந்த ஒழுங்கிலேயே ஏற்றினால் தீரும். ஒரே கச்சேரியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தால் துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் சின்ன இடைவெளி விழும் பெட்டிகளும் உண்டு. தாளத்தின் நடுவில் அது விழுந்தால் பெரியப்பா பெட்டியை எறிந்துவிடுவார். வெட்டாமல் விட்டேன்.

கைத்தொலைபேசி இருக்கும்போது தனிப் பெட்டி எதற்கு என்று மருமகள் கேட்டாள். இளையவர்களுக்குத் தேவையில்லைதான். ஆனால் மாதச் சந்தா கட்டும் செயலிகளில் "தரவிறக்கிய" பாட்டுகள் நம்முடைய கோப்புகள் அல்ல. அவற்றைக் கார்ட்டில் போட்டு இந்தப் பெட்டியில் ஓட்ட முடியாது. பெரியப்பாவின் கச்சேரிகளும் எந்தச் செயலியிலும் கிடையாது. அத்தோடு 2022இல் இலங்கையில் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, பாட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் ஒரே பற்றரியை நம்பியவர்கள் பட்ட பாடு தெரியும். 1990களில் மின்சாரமே இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட ஆட்களிடம் பற்றரியின் அருமையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெரியப்பா ஒரு பாட்டுக்கு எத்தனை சுற்று என்றுகூடச் சொல்வார்.

இரண்டாவது தடவை கடைக்குப் போனபோது ஒரு பழைய 4 ஜிபி கார்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அதில் எழுபது நிமிடக் கச்சேரி ஒன்று, தமிழில் பெயரிட்ட பாட்டு ஒன்று, எண்ணிட்ட ஐந்து பாட்டுகள். ஒவ்வொரு பெட்டியாகச் செருகி, கச்சேரியை நடுவில் நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். நான்காவது பெட்டி நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கியது. பொத்தான்கள் தடித்தவை, தடவிப் பார்த்தே அமத்தலாம். மின்னேற்றும் துவாரம் டைப் சி. வீட்டில் இருக்கும் டைப் சி வயரே பொருந்தும். தமிழ் மட்டும் கட்டங்களாகத்தான் வந்தது. அதற்கு எண்களும், பெரியப்பா தன் கையால் எழுதிப் பெட்டியோடு வைத்திருக்கும் ஒரு அப்பியாசக் கொப்பியும் இருக்கின்றன.

"எத்தனை ஜிபி அண்ணை?" என்று அந்தப் பையன் இந்தத் தடவையும் கேட்டான். பதினாறு என்றேன்.